சுப்பர்மான் யாருடைய பிள்ளை?



2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி ‘சுப்பர்மான்’ என்ற பெயரில் புதிய ஆங்கிலப் படம் ஒன்று திரைக்கு வந்ததை அறிவீர்கள். பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் போய்ப் பார்த்தவர்கள் எம்மில் பலர். அடுத்த கிழமை எமது வானொலியில், படம் பார்த்தவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரை மணி நேரம் ஒதுக்கினோம். பாடசாலை விடுமுறைக் காலம். சிறுவர்களின் குரல்களைக் கேட்கலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் அன்று வந்த அழைப்புகள் வேறு.

முதலில் பேசிய தாய் ஒருவர், தன் இரு மகன்மாரும் படத்தில் வரும் நாயைப் பார்த்துச் சிரித்துக் களைத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்தவர் ஸ்காபரோவிலிருந்து ஒரு பெரியவர். பேரன் கூட்டிக்கொண்டு போனானாம். “தம்பி, படம் நல்லாத்தான் எடுத்திருக்கிறாங்கள். ஆனால் பெத்த தகப்பனைக் கெட்டவனாக்கிப் போட்டாங்களே, அது சரியோ?” என்று கேட்டார். மூன்றாமவர் 2010ஆம் ஆண்டு ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 பேரில் ஒருவர். சுப்பர்மானைச் சிறை வைக்கும் காட்சி வந்தபோது தனக்கு மூச்சு முட்டியது என்றார். நான்காவதாக ஒரு சகோதரி. படத்தில் படையெடுப்புக்கு அஞ்சி எல்லையில் நிற்கும் மக்கள் நடுவே ஒரு சிறுவன், சுப்பர்மானின் அடையாளம் கீறிய கொடியைத் தூக்கிப் பிடிப்பான். “அந்த இடத்திலை எழும்பி வெளியாலை வந்திட்டன் அண்ணை. எங்கட பிள்ளையளும் அப்பிடித்தானே நிண்டதுகள். ஆர் வந்தது?” என்றார். அவர் முடிக்க முதலே வரிசையில் நின்ற பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, “அங்கிள், எனக்கு முழுப் படத்திலையும் பிடிச்ச இடமே அதுதான்” என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கலையகத்தில் இருந்த தம்பி நிலைமையை விளங்கிக்கொண்டு ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்.

ஒரே படத்தைப் பார்த்தவர்கள் எப்படி இத்தனை படங்களைப் பார்த்தார்கள்? நான் தொழிலால் கணக்காளன். ஒரு கணக்கு ஒத்துவராவிட்டால் இந்த வருட ஏட்டை மட்டும் புரட்டிப் பயனில்லை; முன் கொண்டுவந்த மீதி சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆகவே சுப்பர்மானின் பழைய ஏடுகளைப் புரட்டினேன். அதில் கண்டவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு பையன்களும் 130 டொலரும்

சுப்பர்மானை உருவாக்கியவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இருவர். இருவரும் 1914ஆம் ஆண்டு பிறந்தவர்கள். இருவருமே புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சீகலின் பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள். ஷஸ்டரின் தந்தை ரொட்டர்டாமைச் சேர்ந்தவர், தாய் கீவ் நகரைச் சேர்ந்தவர். ஷஸ்டர் பிறந்தது வேறெங்குமல்ல, நாம் வாழும் இதே ரொறன்ரோவில்தான். சிறு வயதில் இங்கே ‘ரொறன்ரோ ஸ்டார்’ பத்திரிகை விற்ற பையன் அவர். சுப்பர்மான் வேலை செய்யும் பத்திரிகைக்கு ஆரம்பத்தில் ‘டெய்லி ஸ்டார்’ என்றுதான் பெயர். பிற்பாடுதான் அது ‘டெய்லி பிளானட்’ ஆயிற்று. நகரின் மேற்குப் பக்கத்தில் இன்று ஷஸ்டரின் பெயரில் ஒரு வீதி உண்டு. 1995இல் கனடாத் தபால் நிறுவனம் சுப்பர்மானுக்கு முத்திரையும் வெளியிட்டது.

ஷஸ்டரின் குடும்பம் பின்னர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாடசாலையில் இருவரும் நண்பர்களானார்கள். பொருளாதார மந்தம் ஊரை வாட்டிய காலம் அது. 1932இல் சீகலின் தந்தையின் துணிக்கடையில் கொள்ளை நடந்தபோது, அவர் அவ்விடத்திலேயே விழுந்து இறந்தார். மகனுக்கு அப்போது 17 வயது. யாரும் உதவிக்கு வராத ஓர் இரவைக் கண்ட பையன், உதவிக்கு வரும் ஒருவனைக் கற்பனை செய்தான் என்று எழுதுவோர் உண்டு. அதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் நம்ப முடிகிறது.

பல இடங்களில் தட்டிக் கழிக்கப்பட்ட பின், 1938இல் ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதல் இதழில் சுப்பர்மான் தோன்றினான். அவ்வாண்டு மார்ச் 1ஆம் திகதியிட்ட காசோலை ஒன்று இருக்கிறது. மொத்தம் 412 டொலர். அதில் 130 டொலர் சுப்பர்மானுக்கான முழு உரிமைக்கும். இருவருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 65 டொலர். அந்தக் காசோலைத் தாள் மட்டும் 2012இல் ஏலத்தில் 160,000 டொலருக்கு விலை போனது. என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ நட்டக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அக்காலக் கதைகளைப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். அவன் அப்போது வேற்றுக் கிரக அரக்கர்களோடு போரிடவில்லை. மனைவியை அடிப்பவனைத் தடுத்தான். குற்றம் செய்யாத பெண்ணை மரண தண்டனையிலிருந்து காத்தான். இரண்டாவது இதழில், ஆயுதம் விற்றுப் பணம் சேர்க்கும் முதலாளியைப் போர்க்களத்துக்கே இழுத்துச் சென்றான். எதிரெதிர்ப் படைகளின் தளபதிகள் இருவரையும் பிடித்து நிறுத்தி, நீங்களே அடிபடுங்கள் என்றான். ஏன் சண்டை பிடிக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

1940 பெப்ரவரியில் ‘லுக்’ சஞ்சிகைக்காக இருவரும் தயாரித்த கதையில், சுப்பர்மான் ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிச் சென்று சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்தினான். இரண்டு மாதங்களில் ஜேர்மனியின் எஸ்.எஸ். படையினரின் பத்திரிகை, சீகல் ஒரு யூதர் என்பதைச் சுட்டி அவரைத் தாக்கி எழுதியது. ஆக, சுப்பர்மானைப் பற்றிய இரண்டுபட்ட அபிப்பிராயம் நேற்றுத் தொடங்கியதல்ல.

வானொலி தந்த சொத்து

எம்மைப் போன்ற வானொலிக்காரர் பெருமைப்படத்தக்க ஓர் அத்தியாயமும் இதில் உண்டு. 1940 பெப்ரவரியில் தொடங்கி 1951 வரை சுப்பர்மான் கதை வானொலித் தொடராக ஒலிபரப்பாயிற்று. பத்திரிகை ஆசிரியர் பெரி வைட், இளம் உதவியாளன் ஜிமி ஒல்சன் ஆகியோர் இன்று நாமறிந்த உருவைப் பெற்றது அந்த வானொலித் தொடரில்தான். சுப்பர்மானின் பலத்தை அழிக்கும் பச்சைக் கல்லான கிரிப்டோனைட்டும் 1943இல் வானொலியில்தான் முதலில் வந்தது.

1946 கோடையில் 16 பகுதிகளாக ஒரு கதை ஒலித்தது. சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்று நகருக்குப் புதிதாகக் குடிவருகிறது. மகன் பந்து எறிவதில் கெட்டிக்காரன். விளையாட்டு அணியில் அவனுக்கு இடம் கிடைக்கிறது. அதனால் இடம் போன வெள்ளைக்காரப் பையனின் மாமன், முகமூடி இட்ட இனவெறிக் கூட்டத்தின் தலைவன். அவர்கள் அக்குடும்பத்தின் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துகிறார்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற உண்மையான கூட்டத்தைத்தான் கதை குறிக்கிறது என்பது கேட்ட எல்லோருக்கும் விளங்கியது. பின்னேரம் சிறுவர்கள் கேட்கும் நிகழ்ச்சியில், தானிய உணவு விளம்பரங்களுக்கு நடுவே இது ஒலித்தது. குடிவந்தவனின் பக்கம் நிற்பவன் சுப்பர்மான் என்று அன்றைய அமெரிக்கப் பிள்ளைகள் காதால் கேட்டு வளர்ந்தார்கள்.

தகப்பனின் குரல்

இனி ஸ்காபரோப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். புதிய படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அழிந்துபோன கிரிப்டன் கிரகத்துப் பெற்றோர், குழந்தையோடு ஒரு செய்தியையும் அனுப்பியிருக்கிறார்கள். அதன் முதற்பாதி மட்டுமே சேதமின்றிக் கிடைத்தது. பூமியில் உள்ளோருக்கு நன்மை செய் என்பதுதான் அதன் பொருள் என்று சுப்பர்மான் நம்பி வாழ்கிறான். எதிரியான லெக்ஸ் லூதரின் ஆட்கள் மறுபாதியை மீட்டெடுக்கிறார்கள். அங்குள்ளவர்கள் பலவீனர்கள், இரக்கமின்றி அவர்களை ஆள், நம் வம்சத்தைப் பெருக்கு என்கிறது அது. லூதர் அதை உலகுக்குப் போட்டுக் காட்ட, நேற்றுவரை கை தட்டிய ஊர் சுப்பர்மானைச் சந்தேகிக்கிறது. அவன் தானாகவே போய்ச் சரணடைகிறான். வேற்றுக் கிரகத்தவன் என்பதால் உனக்குச் சட்ட உரிமைகள் இல்லை என்று சொல்லி அடைக்கிறார்கள். ‘சன் சீ’ கப்பலில் வந்த அன்பருக்கு மூச்சு முட்டியது இங்கேதான்.

கடைசியில் அவனைத் தேற்றுபவர் வளர்த்த தகப்பன், கன்சாஸ் மாநிலத்துக் கமக்காரர் ஒருவர். பெற்றவர்கள் எதற்காக அனுப்பினார்கள் என்பது உன்னைத் தீர்மானிக்காது, நீ செய்பவைதான் உன்னைத் தீர்மானிக்கும் என்பது அவர் சொல்வதன் சாரம். படம் தொடங்கும்போது காயப்பட்ட சுப்பர்மான் ஆறுதலுக்காகப் பார்ப்பது கிரிப்டன் பெற்றோரின் செய்தியை. படம் முடியும்போது பார்ப்பது, வளர்த்தவர்களோடு தான் சிறு பிள்ளையாக இருந்த காட்சிகளை.

இதைப் பார்த்துக் கொதித்தவர் ஸ்காபரோப் பெரியவர் மட்டுமல்லர். பல நாட்டு ரசிகர்களும் இதையே கேட்டார்கள். காரணம் 1978ஆம் ஆண்டுப் படம். றிச்சட் டொனர் இயக்கிய அந்தப் படத்தில் தகப்பனாக நடித்தவர் மார்லன் பிராண்டோ. அழிந்த உலகின் அறிவையெல்லாம் குழந்தையோடு அனுப்பிவைத்து, வளர்ந்த மகனுக்குக் குரலாக வந்து வழிகாட்டும் தகப்பன் அவர். கிறிஸ்தோபர் றீவ் மகன். ஒரு தலைமுறையின் மனதில் அந்தக் குரல் பதிந்துவிட்டது.

சில நாட்களே நடித்த பிராண்டோவுக்குக் கொடுத்த சம்பளம் 37 இலட்சம் டொலர், அதற்கு மேல் வசூலில் பங்கு. அதேவேளை சுப்பர்மானைப் பெற்ற இருவரும் எப்படி இருந்தார்கள்? உரிமை கேட்டு வழக்காடித் தோற்று, வறுமையில் இருந்தார்கள். ஷஸ்டருக்குக் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. படம் தயாராகும் செய்தி அறிந்து 1975இல் சீகல் பத்திரிகைகளுக்கு எழுதினார். சக ஓவியர்கள் துணை நின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டொலர் உதவிப்பணம். உருவாக்கியவர்கள் என்று பெயர் போடவும் சம்மதம். உரிமையை விற்று 37 ஆண்டுகளுக்குப் பிறகு பெற்றவர்களின் பெயர் பிள்ளையோடு திரும்பச் சேர்ந்தது.

பழைய வழக்கும் புதிய வழக்கும்

1978க்குப் பின் வந்த படங்களில் அதிகம் சர்ச்சைப்பட்டது 2013இல் சாக் ஸ்னைடர் இயக்கிய ‘மான் ஒவ் ஸ்டீல்’. அதன் இறுதியில் சுப்பர்மான் எதிரியின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். நகரத்தின் கட்டடங்கள் நொறுங்குகின்றன. சுப்பர்மான் கொல்லலாமா, அந்தக் கட்டடங்களில் இருந்த சனம் என்னவானது என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். 2016இல் வந்த அடுத்த படம், நொறுங்கும் கட்டடங்களின் அடியில் நின்றவர்களின் பார்வையைத் தன் ஆரம்பக் காட்சிகளிலேயே காட்டியது. பார்வையாளர் கேட்ட கேள்வி அடுத்த படத்தின் கதையாயிற்று.

2025ஆம் ஆண்டுப் படத்துக்கு வந்த வழக்குகள் மூன்று. தகப்பனின் செய்தி பற்றியதைச் சொல்லிவிட்டேன். மற்றது குடிவந்தவன் பற்றியது. படம் வெளிவரச் சில நாள் முன்னர் இயக்குநர் ஜேம்ஸ் கன், லண்டனின் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், வேறிடத்திலிருந்து வந்து குடியேறியவனின் கதை இது, ஆனால் எல்லாவற்றிலும் மேலாக மனித இரக்கத்தின் கதை என்ற பொருள்படச் சொன்னார். அமெரிக்க வலதுசாரித் தொலைக்காட்சியில் அதைக் கேலி செய்தார்கள். 1990களில் தொலைக்காட்சியில் சுப்பர்மானாக நடித்த டீன் கெய்னும் கண்டித்தார். சுப்பர்மானுக்குள் அரசியலைப் புகுத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 1938, 1940, 1946 ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு அது எவ்வளவு பழைய அரசியல் என்பது தெரியும்.

மூன்றாவது வழக்கு, படத்தில் வரும் போர். பொரேவியா என்ற கற்பனை நாடு, ஜார்ஹான்பூர் என்ற வறிய அயல்நாட்டின் மீது படையெடுக்கிறது. பார்த்தவர்களில் சிலருக்கு அது காசா, சிலருக்கு உக்ரேன். எங்கள் சகோதரிக்கு அது வன்னி. கொடி பிடித்த சிறுவன் கூப்பிட்டது சுப்பர்மானை; ஆனால் அவன் வேறிடத்தில் அகப்பட்டிருக்க, அவனது தோழர்கள்தான் வந்து காக்கிறார்கள். அந்த இடத்தில் மாணவி கை தட்டினாள். சகோதரி வெளியே வந்துவிட்டார். இருவரையும் நான் பிழை சொல்ல மாட்டேன். ஒருத்தி, யாராவது வர வேண்டும் என்பதைப் பார்த்தாள். மற்றவர், யாரும் வராததைப் பார்த்தார்.

வசூல் ஏட்டிலும் இந்தப் பிளவு தெரிகிறது. 2013ஆம் ஆண்டுப் படம் உலகெங்கும் ஈட்டியது சுமார் 67 கோடி டொலர். அதில் அமெரிக்காவும் கனடாவும் தந்தது ஏறத்தாழ 29 கோடி, அதாவது பாதிக்குக் குறைவு. 2025ஆம் ஆண்டுப் படம் ஈட்டியது 61 கோடிக்குச் சற்று மேல்; அதில் இங்கு மட்டும் 35 கோடி, பாதிக்கு மேல். அமெரிக்காவுக்குள் அத்தனை வாதம் நடந்தும் சனம் போய்ப் பார்த்தது. வெளிநாடுகளில் முன்னைப்போல் வரவேற்பு இல்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு

படம் பார்த்துவிட்டு நானும் மகளும் காரில் வந்தோம். அவளுக்கு 24 வயது. 2009 மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எட்டு வயதுப் பிள்ளை அவள். “அப்பா, உங்களை அப்பப்பா என்ன சொல்லி அனுப்பினவர்?” என்று கேட்டாள்.

வணிகமாணிப் படிப்பை முடித்துவிட்டு 1996இல் நான் புறப்பட்டபோது அப்பா சொன்னது ஒரே வரிதான்: “தங்கச்சிமாரை மறந்திடாதை.” நான் மறக்கவில்லை. இரண்டு வேலை செய்தேன். இரண்டு தங்கைமாரும் கரை சேர்ந்தார்கள். 2005இல் ஒருநாள் தொலைபேசியில், “இன்னுமொண்டு சொல்ல வேணும், நீ...” என்று அப்பா தொடங்கியபோது தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுப்போம் என்று இருந்தேன். வியாழக்கிழமை அவர் போய்விட்டார். அந்த மறுபாதி என்ன என்று இருபது வருடமாக யோசிக்கிறேன். இதை மகளிடம் அன்றுதான் முதன்முதல் சொன்னேன்.

அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அதுக்காக நீங்கள் எனக்கு இத்தினை செய்தி சொல்லியிருக்கத் தேவையில்லை” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கணக்கியல் படி, தமிழ் மறக்காதே, பெயர் கெடுக்காதே என்று நான் சொல்லி வளர்த்த செய்திகளின் நீளம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். 1938ஆம் ஆண்டு முதல் இதழின் முதற்பக்கத்தில் தகப்பன் என்ன சொல்கிறார்? ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்குப் பெயர்கூட இல்லை. கிரகம் அழிகிறது, அவசரமாகச் செய்த கலத்தில் ஒரு விஞ்ஞானி தன் குழந்தையை ஏற்றி அனுப்புகிறார். அவ்வளவுதான். பூமியில் வழிப்போக்கர் ஒருவர் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார். பெற்றவர்களின் பெயரும் வளர்த்தவர்களும் 1939இல் வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டும் குரல் 1978இல் வந்தது. ஆளச் சொல்லும் செய்தி 2025இல் வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தகப்பனின் வாயில் தன் சொற்களை வைத்தது. நானறிந்த எந்தப் பதிப்பிலும் மாறாத பதிவு ஒன்றே ஒன்று: பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஏற்றிவிட்டார்கள்.

ஆகவே தகப்பனைக் காப்பாற்ற நினைக்கும் பெரியவரும், வளர்த்த ஊரே போதும் என்று நினைக்கும் பிள்ளைகளும் சண்டை பிடிப்பது பிற்பாடு எழுதிச் சேர்த்த சொற்களுக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. முதற்பதிவில் இருவருக்கும் வழக்கில்லை.

இதைச் சொல்வதற்காக ஸ்காபரோப் பெரியவருக்கு மறுபடி தொலைபேசி எடுத்தேன். தன் இரண்டு மகன்மாரை ஊரிலிருந்து அனுப்பியவர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப முதல் கதையிலை தகப்பன் ஒண்டும் சொல்லேல்லையோ?” என்றார்.

“இல்லை ஐயா. ஏத்திவிட்டவர், அவ்வளவுதான்.”

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “அதுதானே தம்பி. ஏத்தி விடேக்குள்ளை ஆர் பேசினது?” என்றார்.